ஊட்டிக் குளிரில் உங்கள் பழைய இண்டிகா டீசல் கார், ஹீட்டர் (இன்ஜினுக்குள் இருக்கிற சூடாக்கும் பிளக்) போடாமல் ஸ்டார்ட் ஆவதில்லை என்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் பஸ் மட்டும் ஹீட்டரே இல்லாமல் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பஸ்ஸுக்குப் பெரிய பேட்டரி, பெரிய செல்ஃப், அதனால்தான் என்று பலரும் சொல்வார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் முக்கியக் காரணம், டீசல் போய் எரிகிற அறையின் அமைப்பு. நான் மேட்டுப்பாளையத்தில் டீசல் பம்ப், டீசலைப் பீய்ச்சுகிற நாசில் வேலை பார்க்கிறவன். மலை வண்டிகளை வைத்துத்தான் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் அமுக்குகிற அமுக்கில் காற்று சூடாகி, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்ற வேண்டும். இந்தச் சூடு கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். உங்கள் வண்டி மாதிரி 22-க்கு 1 கம்ப்ரஷனை ஒட்டிய இன்ஜினில், அதாவது காற்றை 22-இல் ஒரு பங்காக அமுக்குகிற இன்ஜினில், கெல்வின் கணக்கில், தோராயமாக இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே எங்கள் ஊரில் 30 டிகிரியில் உள்ளே போகிற காற்று ஏறக்குறைய 480 டிகிரிக்கு வரும். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் உறைபனி விழுந்த காலையில் 0 டிகிரியில் போகிற காற்று 410-ஐத்தான் எட்டும். வெளியே 30 டிகிரி குறைந்தால் உள்ளே 75 டிகிரி குறைகிறது. போதாததற்கு, குளிரில் ஆயில் கெட்டியாகி செல்ஃப் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ரிங் வழியே கசியவும், சூடு சுவரில் இறங்கவும் கூடுதல் நேரம் கிடைத்துவிடும்.

இண்டிகா மாட்டிக்கொள்வது இந்தச் சுவர் விஷயத்தில்தான். அதன் 1.4 லிட்டர் இன்ஜின் ஐடிஐ, அதாவது மறைமுக இன்ஜெக்‌ஷன் வகை. டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாது. சிலிண்டருக்கு மூடியாக இருக்கிற ஹெட்டில் தனியாக ஒரு குட்டி அறை, சிலிண்டரோடு அதைச் சேர்க்க ஒரு குறுகலான கழுத்து. நாசில் முனையும் ஹீட்டர் பிளக் முனையும் அந்த அறைக்குள்தான் நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது காற்று கழுத்து வழியே பீறிட்டு நுழைந்து சுழலும். இன்ஜின் சூடான பிறகு இந்தச் சுழல் ஒரு வரம். பச்சைத் தண்ணீராகக் கிடக்கிற இன்ஜினிலோ, கஷ்டப்பட்டு ஏற்றிய சூட்டைக் கழுத்தும் அறைச் சுவரும் பிடுங்கிக்கொள்ளும்.

அப்படியானால் எதற்கு இந்த அமைப்பு? இங்கிலாந்தின் இன்ஜின் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ 1930-களில் பிரபலமாக்கிய காமெட் அறை இந்த வகைதான். கார் இன்ஜின் 4,000 ஆர்பிஎம் போக வேண்டும். அந்த வேகத்தில் டீசல் காற்றோடு கலக்கக் கிடைப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. அந்தக் காலத்துப் பம்பின் அழுத்தத்தில் டீசலை அவ்வளவு பொடியாகச் சிதறடிக்க முடியாது. அதனால் கலக்குகிற வேலையைக் காற்றின் தலையில் கட்டினார்கள். சத்தமும் குறைந்தது. விலையாக டீசல் செலவு 15, 20 சதவீதம் கூடியது, குளிரில் ஸ்டார்ட் ஆகும் குணமும் போனது. ஹீட்டர் பிளக்கும் அத்தனை உயர்ந்த கம்ப்ரஷனும் அந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

இதைச் சமாளிக்க சி.ஏ.வி. என்ற இங்கிலாந்து பம்ப், நாசில் கம்பெனி செய்த பின்டாக்ஸ் நாசில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலைப்பாடு. நடுத் துளைக்குப் பக்கத்தில் முடி மாதிரி சாய்வாக இன்னொரு துளை இருக்கும். செல்ஃப் வேகத்தில் நாசில் ஊசி கொஞ்சம்தான் தூக்கும். அப்போது பெரும்பங்கு டீசல் அந்தச் சின்னத் துளை வழியே, கழுத்துப் பக்கம் சூடு அதிகமாக உள்ள இடத்தைப் பார்த்துப் போகும். இன்ஜின் வேகம் பிடித்ததும் நடுத் துளை வேலையை எடுத்துக்கொள்ளும். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

பஸ் விஷயத்துக்கு வருவோம். அது நேரடி இன்ஜெக்‌ஷன். பிஸ்டன் தலையிலேயே குழி, பல துளை நாசில் அதற்குள்ளேயே அடிக்கும். காற்று எந்தக் கழுத்திலும் நுழைந்து சூட்டை இழக்க வேண்டியதில்லை. சிலிண்டர் ஒன்றே ஏறக்குறைய ஒரு லிட்டர். உங்களுடையது அதில் மூன்றில் ஒரு பங்குதான். டம்ளர் காபி ஆறுகிற வேகத்தில் அண்டா ஆறாது இல்லையா? அதனால்தான் கம்ப்ரஷன் குறைவாக இருந்தும் அது பற்றிக்கொள்கிறது. லடாக் குளிர் என்றால் கதை வேறு. அங்கே பெரிய இன்ஜினுக்கும் உள்ளே போகிற காற்றைச் சூடாக்க வேண்டிவரும்.

எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற புது காமன் ரெயில் கார்களில் இந்தப் பேரமே மாறிவிட்டது. 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருப்பதால் நேரடி இன்ஜெக்‌ஷனே கார் வேகத்துக்கு ஈடுகொடுக்கிறது. 2012-இல் மஸ்டா 14-க்கு 1 கம்ப்ரஷனில் டீசல் கார் விட்டதும், சில நொடிகளில் பழுக்கிற பீங்கான் குளோ பிளக்கும் (ஹீட்டர் பிளக்தான்) துணைக்கு இருந்த தைரியத்தில்.

சரி, உங்கள் வண்டி. ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரம் வெள்ளைப் புகையோடு மூன்று சிலிண்டரில் தள்ளாடினால் ஒரு ஹீட்டர் பிளக் போயிருக்க வாய்ப்பு அதிகம். டேஷ்போர்டு லைட்டை நம்பாதீர்கள், பிளக் செத்திருந்தாலும் அது எரிந்து அணையும். நான்கையும் இணைக்கிற பட்டையைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு ஓம் பக்கம் காட்டினால் உயிரோடு இருக்கிறது, ஒன்றுமே காட்டாவிட்டால் போய்விட்டது. கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்து கிடக்கும்போது முறுக்கினால் பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறிந்து, ஹெட்டை இறக்கும்படி ஆகிவிடும்.

அப்புறம், சீக்கிரம் ஸ்டார்ட் ஆக யாராவது ஏர் ஃபில்டரில் ஈதர் ஸ்ப்ரே (சட்டென்று பற்றிக்கொள்கிற திரவம்) அடிக்கச் சொன்னால் வேண்டாம். ஹீட்டர் பழுத்திருக்கிற இன்ஜினில் அது பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து, ரிங்கையோ பிஸ்டனையோ உடைத்துவிடும்.