பலகையில் ‘உள்ளூர்’ என்று இருந்தால் நம்பலாமா? இங்கிலாந்துக் கிராமத்துப் பப் சாப்பாடு: கேள்வி-பதில்

கேள்வி: பிப்ரவரியில் குடும்பத்தோடு காட்ஸ்வோல்ட்ஸ் மலைப் பக்கம் போயிருந்தோம். ஒரு கிராமத்துப் பப்பில் மதியச் சாப்பாடு. வாசல் கரும்பலகையில் ‘எங்கள் பொருள்கள் எல்லாம் உள்ளூரில் வாங்கியவை, பருவத்துக்கு ஏற்றவை’ என்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். ஆட்டிறைச்சி ஒரு தட்டு 26 பவுண்டு. பக்கத்தில் ஐந்தாறு ஆஸ்பராகஸ் (காய்கறியாகச் சாப்பிடும் இளம் தண்டு) தண்டுகள். ‘நன்றாக ஏமாந்தீர்கள்’ என்கிறார் நண்பர். ‘உள்ளூர்’ என்பதற்குச் சட்டத்தில் வரையறை எதுவும் இல்லையா? – வாசகர், ஹாரோ

பதில்: இல்லை. இத்தனை மைலுக்குள் விளைந்தால்தான் உள்ளூர் என்று பிரிட்டனில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பத்து மைலும் உள்ளூர்தான், பக்கத்து கவுன்டியும் (நம் மாவட்டம் போன்றது) உள்ளூர்தான். சில பப்காரர்களுக்கு இங்கிலாந்து மொத்தமுமே உள்ளூர்.

அதற்காக எதை வேண்டுமானாலும் எழுதி வைக்கவும் முடியாது. உணவைப் பற்றிப் பொய் விவரம் தருவது 1990ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் இந்தப் பலகைகளில் பச்சைப் பொய் அபூர்வம், பாதி உண்மைதான் அதிகம். ‘உள்ளூரில் வாங்கியது’ என்றால் கிராமத்துக் கசாப்புக்கடையில் வாங்கியது என்றும் சாதிக்கலாம். கடைக்காரர் அந்த இறைச்சியை எங்கே எடுத்தார் என்பது பலகையில் வராது.

உங்கள் தட்டைப் பொறுத்தவரை, உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஆஸ்பராகஸுக்குப் பேர்போன ஈவ்ஷம் பள்ளத்தாக்கு காட்ஸ்வோல்ட்ஸ் மலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே அறுவடை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் 21 வாக்கில் முடிந்துவிடும். பிப்ரவரியில் பிரிட்டனில் விற்கும் ஆஸ்பராகஸ் பெரும்பாலும் பெரு போன்ற தூர தேசத்துச் சரக்கு. ‘பருவத்துக்கு ஏற்றவை’ என்ற வாசகம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆட்டிறைச்சி விஷயத்தில் அப்படி ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். குட்டிகள் பெரும்பாலும் வசந்தத்தில் பிறந்து கோடையிலிருந்து சந்தைக்கு வரும். முந்தைய ஆண்டுக் குட்டி பிப்ரவரியிலும் கிடைக்கும். அது பக்கத்துப் பண்ணையிலிருந்தும் வந்திருக்கலாம், நியூசிலாந்திலிருந்து கப்பலேறியும் வந்திருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

கேட்கும்போது ‘இது உள்ளூரா?’ என்று கேட்காதீர்கள். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ‘எந்தப் பண்ணை?’ என்று கேளுங்கள். உண்மையிலேயே பக்கத்துப் பண்ணையில் எடுப்பவர் பண்ணையின் பெயரோடு நிறுத்த மாட்டார். வழி, அந்த விவசாயி, போன வாரம் வந்த மான் என்று கதையே சொல்வார். ‘சமையலறையில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று போனவர் திரும்பி வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

மெனுவும் நிறையக் காட்டிக் கொடுக்கும். நாற்பது அயிட்டம், பளபளவென்று லேமினேட் செய்த அட்டை, ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே பட்டியல் என்றால் சரக்கு ஏதோ பெரிய மொத்த வியாபாரியின் குளிர்பதன லாரியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது மோசமான சாப்பாடு என்று அர்த்தமில்லை, உள்ளூர் என்று சொல்லிக் கூடுதல் காசு வாங்கக்கூடாது, அவ்வளவுதான். ஒரு தாளில் ஏழெட்டு வகை, ஒன்றிரண்டு ‘தீர்ந்துவிட்டது’ என்று அடித்திருக்கிறது என்றால் எனக்கு நம்பிக்கை கூடும். ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழியை இங்கிலாந்தில் வேட்டையாட அனுமதி அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரைதான். மே மாதம் ‘இன்று காலை வந்த ஃபெசன்ட்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வேறு ஏதாவது ஆர்டர் செய்யுங்கள்.

‘உள்ளூர்’ என்ற சொல்லுக்குக் காவல் இல்லாவிட்டாலும் சில ஊர்ப் பெயர்களுக்கு உண்டு. ஸ்டில்டன் சீஸை டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹம்ஷயர் ஆகிய மூன்று கவுன்டிகளில் மட்டும்தான் செய்யலாம். வேடிக்கை என்னவென்றால் ஸ்டில்டன் கிராமம் இருப்பது கேம்பிரிட்ஜ்ஷயரில். அங்கே செய்து அந்தப் பெயரில் விற்க முடியாது! கார்னிஷ் பாஸ்டி (இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த மாவுப் பண்டம்), மெல்ட்டன் மோப்ரே போர்க் பை (பன்றி இறைச்சி அடைத்தது) ஆகியவற்றுக்கும் இப்படிப் பாதுகாப்பு உண்டு. இந்தப் பெயர்கள் மெனுவில் இருந்தால் பலகை வாசகத்தைவிட அதிகமாக நம்பலாம்.

இனி என்ன செய்வது? பலகையைப் போட்டோ எடுத்திருந்தால், பில்லோடு பப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு ஆஸ்பராகஸ் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சொன்னதற்கு மாறானதைக் கொடுத்திருந்தால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்க 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. மழுப்பினால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அவர்கள் வணிகர்களைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குத் தகவலை அனுப்புவார்கள். ஐந்தாறு தண்டுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் மின்னஞ்சலோடு நிறுத்திக்கொள்வேன்.

கேள்வி: நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அம்மா சுத்த சைவம். பப்பில் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்டுக்கு (சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் கொண்ட மதியச் சாப்பாடு) போகலாமா? – வாசகி, பர்மிங்ஹம்

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் முன்பதிவு செய்யும்போதே பேசிவிடுங்கள். மாடு தட்டில் துண்டாக மட்டும் வருவதில்லை. யார்க்‌ஷயர் புட்டிங்கை (ரோஸ்டோடு வரும் உப்பிய மாவுப் பண்டம்) மாட்டுக் கொழுப்பில் சுடுவது பழைய வழக்கம். ரோஸ்ட் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பிலும் வேகலாம். சில ஊர்களில், குறிப்பாக யார்க்‌ஷயர் பக்கம், சிப்ஸே மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். கோழி ரோஸ்ட் கேட்டாலும் மேலே ஊற்றும் கிரேவி எல்லாத் தட்டுக்கும் பொதுவானதாக இருக்கலாம். அம்மாவுக்கு நட் ரோஸ்ட் (கொட்டைப் பருப்புகளில் செய்த சைவ ரோஸ்ட்) சொன்னால்கூட அதே உருளைக்கிழங்கு பக்கத்தில் வந்து உட்காரும்.

‘அலர்ஜி அட்டவணை இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?’ என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. சட்டப்படி சொல்லியாக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் பால், முட்டை, மீன், கடுகு எல்லாம் உண்டு, மாட்டிறைச்சி கிடையாது. எனவே நேராகக் கேளுங்கள்: உருளைக்கிழங்கை எந்தக் கொழுப்பில் வறுக்கிறீர்கள்? புட்டிங்கை எதில் சுடுகிறீர்கள்? சைவக் கிரேவி தனியாக இருக்கிறதா? பிரிட்டனில் சைவம் என்றால் முட்டை சேர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம். புட்டிங் மாவே முட்டையும் பாலும் கலந்ததுதான். அப்புறம், அம்மா குடிக்கப்போவதில்லை, இருந்தாலும் உங்களுக்காகச் சொல்கிறேன்: பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இழுத்துத் தரும் ஏல் பியரைத் தெளிய வைக்க மீனிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் சேர்ப்பதுண்டு. இதற்குச் சட்டம் விலக்குத் தருவதால் அட்டவணையில் வராது.

கேள்வி: 96 பவுண்டு பில்லில் 12 பவுண்டு சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தார்கள். சாப்பாடு தாமதம், ஒரு தட்டு ஆறியே வந்தது. கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? – வாசகர், கிராய்டன்

பதில்: பில்லில் ‘விருப்பத்துக்குரியது’ என்று இருந்தால் வேண்டாம். ‘அதை எடுத்துவிடுங்கள்’ என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆறிய தட்டு பரிமாறியவர் தவறா, சமையலறைத் தவறா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. முதலாளி அதில் கை வைக்க முடியாது. தட்டு ஆறி வந்தபோதே சொல்லி மாற்றச் சொல்வதுதான் நல்லது. பாரில் நீங்களே போய் ஆர்டர் கொடுத்துப் பணம் கட்டும் பப்பில் டிப்ஸ் வைக்கும் வழக்கம் பொதுவாக இல்லை.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போனால் ‘சமையலறை மூடிவிட்டது’ என்றார்கள். பப் திறந்திருக்கிறது, சாப்பாடு இல்லையா? – வாசகி, மில்ட்டன் கீன்ஸ்

பதில்: கிராமத்துப் பப்புகளில் இது சகஜம். குடிக்கும் நேரம் வேறு, சமையலறை நேரம் வேறு. மதியம் 12 முதல் இரண்டு, இரண்டரை வரை, மாலை ஆறு முதல் ஒன்பது வரை என்பது பல இடங்களில் வழக்கம். ஞாயிறன்று ரோஸ்ட் நாலு மணி வாக்கில் முடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். திங்களன்று முழுவதும் மூடும் பப்புகளும் உண்டு. கிளம்பும் முன் போன் செய்து ‘கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?’ என்று கேளுங்கள். திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டால் ‘ஆமாம்’ என்பார்கள், நேரில் போனபின் ‘சமையலறை மூடிவிட்டது’ என்ற இதே பதில்தான் கிடைக்கும்.