எலும்பும் தோலுமாக ஒரு தெருப்பூனை: யாரிடம் கொண்டுபோவது, என்ன கொடுப்பது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் சில நாட்களாக ஒரு பூனை சுற்றுகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிறது. பாலும் தயிர்சாதமும் வைக்கிறேன். ஆசையாக ஓடி வருகிறது. ஆனால் ஒரு வாய் வைத்ததும் கத்திக்கொண்டு ஓடிவிடுகிறது. தொட விடுவதில்லை. இரண்டு காப்பகங்களுக்குப் போன் செய்தேன், இடமில்லை என்றார்கள். மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் வீட்டுக்குள் கொண்டுவரவும் பயமாக இருக்கிறது. இதை யாரிடம் ஒப்படைப்பது, டாக்டர்? (வாசகி, பெரம்பூர்)

பதில்: யாரிடம் ஒப்படைப்பது என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள், அம்மா. காப்பகத்தில் இடம் கிடைத்தாலும் இந்தப் பூனைக்கு அது நல்ல இடமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நிறையப் பூனைகள் அடைந்திருக்கும் இடத்தில் பேன்லுக்கோபீனியா என்ற வைரஸ் நோய் எளிதாகப் பரவும். தடுப்பூசி போடாத, உடம்பில் தெம்பில்லாத பூனை அதில் சிக்கினால் பிழைப்பது கடினம். புது இடம், புது வாசனை என்ற பயத்திலேயே சாப்பாட்டை நிறுத்திவிடும் பூனைகளும் உண்டு. அடிபட்டது, கால் ஒடிந்தது, கண் போனது போன்றவற்றுக்குத்தான் காப்பகத்தின் இடம் முதலில் போக வேண்டும். மெலிந்த, ஆனால் நடமாடுகிற பூனைக்குத் தேவை ஒரு டாக்டரும், சில வாரங்களுக்குப் பொறுப்பெடுக்கும் ஒரு ஆளும்தான். ஆள் நீங்களாகவே வந்துவிட்டீர்கள்.

அதைப் பிடிப்பதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பெட்டையாக இருந்தால் அதன் வயிற்றைப் பாருங்கள். சாப்பிடும்போது சற்றுத் தள்ளி, தரையோடு தரையாகக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் போதும், தொட வேண்டியதில்லை. காம்புகள் இளஞ்சிவப்பாகத் தடித்து, அவற்றைச் சுற்றி முடி உதிர்ந்து ஈரமாக இருந்தால் அது பால் கொடுக்கிற தாய். குட்டிகள் எங்கேயோ இருக்கின்றன. மீட்டர் பெட்டிக்குப் பின்னால், மாடிப்படியின் அடியில், மூடி வைத்த காரின் கீழே என்று தேடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அது எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தால் பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும். பால் குடிக்கிற குட்டிகளை விட்டுவிட்டுத் தாயை மட்டும் கூண்டில் ஏற்றிக்கொண்டு போனால், குட்டிகள் பட்டினியில் செத்துப்போகும். நல்ல மனதோடு செய்கிற மீட்பில் அடிக்கடி நடக்கிற கொடுமை இதுதான். முக்கால்வாசி வெள்ளையும் கறுப்பும் செம்பட்டையும் கலந்த மூவண்ணப் பூனை என்றால், அது அநேகமாகப் பெட்டைதான்.

ஆசையாக ஓடி வந்து, வாய் வைத்ததும் கத்திவிட்டு ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப்பட்ட வரி அதுதான். பசி இல்லாத பூனை சாப்பாட்டுப் பக்கமே வராது. இது வருகிறது, மோந்து பார்க்கிறது, கடிக்கிறது, கடித்ததும் வலிக்கிறது. அப்படியானால் முதல் சந்தேகம் வாயின் மேல்தான். பூனைகளுக்கு ஈறும் தொண்டையோரமும் செக்கச்செவேலென்று புண்ணாகிப்போகும் ஒரு வாய் அழற்சி வருவதுண்டு. எச்சில் வடியும், வாய் நாறும், முன்னங்காலால் வாயைத் தட்டிக்கொண்டே இருக்கும், வலியில் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாததால் முடி சடைபிடித்திருக்கும். சில சமயம் மேலண்ணத்தின் குறுக்கே, இரண்டு பக்கக் கடைவாய்ப்பற்களுக்கு நடுவில், ஒரு மீன்முள்ளோ எலும்புத்துண்டோ மாட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுத்துவிட்டால் அன்று மாலையே சாப்பிடத் தொடங்கிவிடும். அழற்சி முற்றியிருந்தால் கடைவாய்ப்பற்களைப் பிடுங்க வேண்டி வரலாம். கேட்கவே பாவமாக இருக்கும். ஆனால் வலி போன பிறகு பல் இல்லாத பூனை மென்மையான சாப்பாட்டை நன்றாகவே சாப்பிட்டு உடம்பு தேறும்.

வாயில் ஒன்றுமில்லை என்றால் வேறு காரணங்கள் உண்டு. கொக்கிப்புழு, உருண்டைப்புழு, இரத்தத்தை உறிஞ்சும் தெள்ளுப்பூச்சி, வயதான பூனை என்றால் சிறுநீரகக் கோளாறு. அதனால் மெலிவைப் பசியின் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் பத்து நாளில் சதை பிடிக்காத பூனையை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பாலையும் தயிர்சாதத்தையும் இன்றே நிறுத்திவிடுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, பேதியாகும். ஏற்கெனவே வற்றிப்போன உடம்பில் மிச்சமிருக்கும் நீரும் அதில் போய்விடும். சோறு வயிற்றை நிரப்புமே தவிர, பூனைக்கு வேண்டிய புரதம் அதில் இல்லை. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது நீண்ட நாள் கிடைக்காவிட்டால் பூனையின் பார்வையும் இதயமும் கெடும். இதைவிட உடனடியான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. பல நாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறைய மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் எகிறும். இரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்துவிடும். சாப்பிட ஆரம்பித்த சில நாட்களுக்குள் பூனை தளர்ந்து விழும், இதயமே நின்றுபோகவும் கூடும். பாவம், பசியோடு இருக்கிறதே என்று ஒரு தட்டு நிறைய வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

2 கிலோ எடையுள்ள பூனை சும்மா படுத்துக் கிடப்பதற்கே நாளுக்குச் சுமார் 120 கலோரி வேண்டும். தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 70 கிராமில் அது கிடைத்துவிடும். முதல் நாள் அதில் பாதிக்கும் குறைவாக, 30 கிராம் கொடுங்கள். சின்னத் தீப்பெட்டி அளவுத் துண்டு. அதையும் நாலைந்து வேளையாகப் பிரித்து. மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள், நாலைந்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள், அப்புறம் அது கேட்கிற அளவுக்குக் கொடுக்கலாம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும், அதனால் வீட்டுக் கறிக்குழம்பில் பிசைந்த சோறும் வேண்டாம். வேகவைத்த எலும்பும் வேண்டாம், குத்தும். வாய் வலி இருப்பதால் கறியை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, அது வெந்த தண்ணீரையே ஊற்றிக் கூழாக்கி வைத்துப் பாருங்கள். கடிக்காமல் நக்கிச் சாப்பிட முடிந்தால் பாதிப் போராட்டம் முடிந்தது. வெறும் கோழிக்கறியில் கால்சியம் கிடையாது, அதனால் இதையே மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள். பூனைக்கென்று கடையில் விற்கும் ஈரப்பதமான பாக்கெட் உணவுக்கு இரண்டு வாரத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது. கருவாடு போடுவதாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது முழுக்க உப்பு. சாப்பாட்டுத் தட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கிண்ணத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

எதுவுமே சாப்பிடாமல் இரண்டு நாள் போனால் காத்திருக்காதீர்கள், பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருப்பது, எழுந்து நிற்க முடியாமல் கிடப்பது, உடம்பு சில்லென்று இருப்பது, கடுவன் பூனை மூத்திரம் போக முக்கி முக்கி உட்காருவது என எதைப் பார்த்தாலும் அன்றே ஓடுங்கள். உடம்பு சில்லென்று இருந்தால் முதலில் சாப்பாடு கொடுக்கக் கூடாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். வாயில் எதையும் வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டு மருந்துப் பெட்டி பக்கமே போகாதீர்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அதுவும் பூனைக்கு விஷம். பூனை படுக்கும் இடத்தைப் பினாயிலோ டெட்டாலோ போட்டுத் துடைக்கவும் கூடாது. கால் பாதத்தில் ஒட்டியதை அது நக்கும்.

பெரம்பூரிலிருந்து உங்களுக்கு வேப்பேரி பக்கம்தான். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனையும் இருக்கிறது. அடிபட்ட, படுத்தபடுக்கையான பூனை என்றால் வேளச்சேரி சாலையிலிருக்கும் புளூ கிராஸை அணுகலாம். வெளியூர் வாசகர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் தொடங்குங்கள். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 1962 என்ற எண் அரசின் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை. அது முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது.

தன்னார்வலர்களிடம் உதவி கேட்கும்போது "ஒரு பூனை கஷ்டப்படுகிறது, யாராவது வாங்க" என்று அனுப்பினால் பதில் வராது. அவர்கள் ஒவ்வொருவர் போனிலும் அதே மாதிரிச் செய்திகள் குவிந்து கிடக்கும். பக்கவாட்டில் எடுத்த ஒரு படம், அது சாப்பிட்டுவிட்டுக் கத்தி ஓடும் வீடியோ, எத்தனை மணிக்கு எங்கே வருகிறது, தொட விடுகிறதா, பால் கொடுக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முக்கியமாக, உங்களால் முடிந்தது எது என்று எழுதுங்கள். "பிடிக்க மட்டும் கூண்டும் ஆளும் வேண்டும், டாக்டர் செலவு என்னுடையது, அப்புறம் சாப்பாடு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டால் உதவுவதற்கு ஆள் கிடைக்கும்.

கூண்டு கிடைக்கும்வரை தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பாடு வையுங்கள். பூனை உங்கள் நேரத்துக்கு வந்து பழகினால் பிடிப்பது சுலபம். கூண்டைத் திறந்தே வைத்து, சாப்பாட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டு போங்கள். பிடித்ததும் கூண்டைத் துணியால் மூடிவிட்டால் அடங்கும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகவே கூடாது, ஒரு ஹாரன் சத்தத்துக்கு நடுரோட்டில் குதித்துவிடும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், அங்கே இலவசம். பூனைக்கடி மேலே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கிச் சீழ் வைக்கும். கழுவியதோடு விட்டுவிடாதீர்கள்.

மகளைப் பற்றிய பயம் நியாயமானது. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரலாம், கர்ப்பத்தில் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கும். ஆனால் மலத்தில் வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வருகிறது. முடியிலிருந்தோ, பூனை பக்கத்தில் உட்கார்வதிலிருந்தோ வருவதில்லை. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும்கூட இதே கிருமிக்கு வழிதான். மகள் பூனையின் மலத்தைத் தொடாமல், நீங்கள் கையுறை போட்டுத் தினமும் அப்புறப்படுத்தினால் போதும். தொட விடாத பூனையை வீட்டுக்குள் கொண்டுவந்து அடைக்க வேண்டிய அவசியமே இல்லை. கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, உள்ளே பழைய துண்டு போட்டால் அதற்கு வீடுதான்.

உடம்பு தேறியதும், அநேகமாக ஒன்றரை மாதத்தில், கருத்தடையும் தடுப்பூசியும் செய்துவிடுங்கள். பெட்டை நாலைந்து மாத வயதிலேயே சினையாகும், சுமார் 63 நாளில் குட்டி போடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். திரும்பத் திரும்பக் குட்டி போட்டே உருக்குலைந்துபோகும் பூனைகள் ஏராளம். அறுவை சிகிச்சையின்போது அடையாளத்துக்காகக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள், வலி தெரியாது. பிடித்த அதே இடத்தில்தான் திரும்ப விட வேண்டும், வேறு தெருவில் விட்டால் சாப்பாடு எங்கே என்றே அதற்குத் தெரியாது. குடியிருப்புச் சங்கத்தில் யாராவது எதிர்த்தால், 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளில், வளாகத்தில் வாழும் இத்தகைய விலங்குகளுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பு குடியிருப்போர் சங்கத்துக்கே இருக்கிறது என்பதைக் காட்டுங்கள். குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் இவற்றிலிருந்து தள்ளி ஒரு மூலையைச் சங்கத்தோடு பேசி முடிவு செய்து, சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டால் பாதிப் புகார்கள் அன்றோடு நின்றுவிடும்.