வீட்டிலேயே தட்டு வெட்டி கார் சக்கரத்தை மூடினால் மைலேஜ் கூடுமா?

கூடும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குக் கூடாது.

"மின்சாரக் கார்களில் சக்கரத்தை மூடி விடுகிறார்களே, அதே மாதிரி சன்போர்டில் வெட்டி என் டீசல் காரில் மாட்டலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் கிருஷ்ணகிரி என்று போட்டிருப்பதால், என்னைப் போலவே தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். சன்போர்டு (விளம்பரப் பலகைக்கு வெட்டுகிற லேசான பிளாஸ்டிக் நுரை அட்டை) என்ற சொல்லைப் பார்த்ததால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தயவுசெய்து சன்போர்டு வேண்டாம்.

நான் இன்ஜினியர் இல்லை. ஐடிஐயில் டர்னர் படித்துவிட்டு ஓசூரில் ஒரு டூல்ரூமில் பன்னிரண்டு வருடமாக லேத் ஓட்டுகிறேன். "இவனுக்கு என்ன ஏரோடைனமிக்ஸ் தெரியும்" என்று கீழே எழுத நினைப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பியதும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், அதிலிருந்துதான் பேசுகிறேன்.

முதல் முறை நானும் 5 மி.மீ. சன்போர்டில்தான் வெட்டினேன். 14 இஞ்ச் ரிம், நாலு வட்டம், கேபிள் டை போட்டு இறுக்கியாயிற்று. மூன்றாம் நாள் சூளகிரி தாண்டி 90-ல் போகும்போது பின்னால் இடது பக்கத் தட்டு பிய்த்துக்கொண்டு பறந்தது. பின்னால் பைக்கில் வந்தவரின் முழங்காலில் பட்டது. அவர் விழவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து, "ஏங்க, இதே கழுத்துல பட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மற்ற மூன்றையும் அங்கேயே கழற்றிப் பார்த்தேன். முன் சக்கரத் தட்டுகள் பிரேக் சூட்டில் இளகி வெளிப்பக்கம் உப்பியிருந்தன. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அவையும் பறந்திருக்கும்.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. பழைய உதிரி பாகக் கடையில் கம்பெனி பிளாஸ்டிக் வீல் கப் ஒரு செட் வாங்கினேன். 1 மி.மீ. அலுமினியத் தகட்டை வட்டமாகக் கடைந்து, வீல் கப்பின் மேல் எட்டு இடத்தில் ரிவிட் அடித்தேன். வால்வுக்கு ஓட்டை விட்டேன், இல்லாவிட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். நாலு தட்டையும் தராசில் வைத்து எடையைச் சமமாக்கினேன். வீல் கப்பின் கம்பி வளையத்தை மட்டும் நம்பாமல், ரிம் ஓட்டை வழியாக ஸ்டீல் டை போட்டுக் கட்டினேன். மொத்தச் செலவு 900 ரூபாய். ஒன்றரை வருடத்தில் ஒன்றுகூட அசையவில்லை.

இனி கணக்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 40-ல் இருப்பதைவிட 80-ல் நாலு மடங்கு. அதனால் ரவுண்டானா பக்கம் டவுனுக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு இந்தத் தட்டால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ஹைவேயில் நிலையான வேகத்தில் போகிறவருக்குத்தான் பலன். சுற்றுகிற சக்கரமும் அதன் குழியும் சேர்ந்து காரின் மொத்தக் காற்றுத் தடையில் கிட்டத்தட்ட கால் பங்கு என்கிறார்கள். அதில் ஒரு சின்னத் துண்டைத்தான் தட்டு குறைக்கும். அமெரிக்காவின் உப்புப் பாலைவனத்தில் ரேஸ் ஓட்டியவர்கள் எழுபது வருடம் முன்பே தட்டையான மூடி போட்டார்கள். 1999-ல் வந்த ஹோண்டா இன்சைட்டில் பின் சக்கரத்தின் பாதியையே பாடியால் மறைத்திருந்தார்கள். ஆகவே இது புதுசும் இல்லை, பொய்யும் இல்லை.

என் நோட்டுப்படி தட்டு இல்லாமல் லிட்டருக்கு 20.6, தட்டோடு 21.1. ஓசூர் மேடு, கிருஷ்ணகிரி பள்ளம் என்பதால் ஒரு பக்கப் பயணத்தை வைத்துச் சொல்லவே கூடாது. போக வரச் சேர்த்து, மாதம் 2400 கிலோமீட்டர் ஓட்டி எடுத்த கணக்கு இது. மாதம் மூன்று லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாக மிச்சம். அதே வண்டியை 100-க்குப் பதில் 80-ல் ஓட்டினேன், 23 கொடுத்தது. 20.6-ஓடு ஒப்பிட்டால் மாதம் பன்னிரண்டு லிட்டர் மிச்சம். கூடுதலாக ஆகும் நேரம் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். இதைச் சொன்னால் கூட வருகிற பசங்களுக்குப் பிடிப்பதில்லை. "அண்ணா, தட்டு போட்டுட்டு மாட்டு வண்டி மாதிரி ஓட்டுறீங்களே" என்கிறார்கள். 21.1-ஐ நம்புகிறவர்கள் 23-ஐ ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். நாலு தட்டும் மாட்டிய நிலையில் குடும்பத்தோடு சேலத்துக்குப் போனேன். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது இரட்டைப் பாலத்துக்கு முன்னாலேயே பிரேக் பெடல் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கியது. மூன்றாவது கியருக்கு இறக்கி எப்படியோ சமாளித்தேன். கீழே டீக்கடையில் நிறுத்தியபோது முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சக்கரத்த இப்படி மூடி வச்சா பிரேக்குக்கு மூச்சு எப்படி வரும்?"

அவர் சொன்னதுதான் சரி. நம் மாதிரி வண்டியில் பிரேக் பாரத்தின் பெரும் பங்கு முன் டிஸ்க்கில்தான். அந்தச் சூடு வெளியேற ரிம் ஓட்டை வழியாகப் போகிற காற்றும் உதவுகிறது. பிரேக் ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் அது கொதிக்கிற வெப்பநிலையும் இறங்கிவிடும், கொதித்தால் பெடல் இப்படித்தான் அமுங்கும். என் வண்டியில் மூன்று வருடமாக மாற்றவே இல்லை. மின்சாரக் காருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அங்கே மோட்டாரே திரும்ப மின்சாரம் எடுத்து வேகத்தைக் குறைக்கிறது, பிரேக் அவ்வளவாகச் சூடாவதில்லை. அதைப் பார்த்து நாம் அப்படியே செய்யக் கூடாது.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசலே போகாது. நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை. தொப்பூரில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். இன்றுவரை மாவட்டத் தலைநகரில் ஒரு ரயில் நிலையம் கிடையாது. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து இங்கே ரயில் வந்து போனதாக என் தாத்தா சொல்வார், தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். ஓசூருக்கு ஒரு பாசஞ்சர் ரயில் இருந்தால் நாங்கள் நாலு பேர் டீசல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு, அரை லிட்டருக்கும் கால் லிட்டருக்கும் தகடு வெட்டிக்கொண்டு இருப்போமா? ஒவ்வொரு தேர்தலிலும் சர்வே என்கிறார்கள். என் மகன் பிறந்தபோதும் சர்வே, இப்போது அவன் ஏழாவது படிக்கிறான்.

இப்போது பின் சக்கரங்களில் மட்டும் தட்டு இருக்கிறது, அங்கே டிரம் பிரேக், பாரமும் குறைவு. முன் தட்டு இரண்டையும் கழற்றி டிக்கியில் போட்டவன் மறுபடி மாட்டவில்லை. உங்களுடையதும் 14 இஞ்ச் என்றால் சொல்லுங்கள், அட்டையில் வெட்டிய அளவு பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.