எம்.எச்.சி.க்குச் சொந்தம், அந்நியம் தெரியுமா? – கேள்வி பதில்

எம்.எஸ்சி. மாணவி: ஆன்டிபாடி வைரஸை நேரடியாகப் பிடிக்கிறது. டி செல்லுக்கு மட்டும் ஏன் எம்.எச்.சி. வேண்டும்?

எம்.எச்.சி. என்பது செல்லின் மேற்பரப்பில் புரதத் துண்டுகளைத் தாங்கிக் காட்டும் மூலக்கூறு; மனிதரில் அதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். டி செல் ஒரு நோய் எதிர்ப்புச் செல், ஆன்டிபாடி ஒரு எதிர்ப்புப் புரதம். வைரஸ் செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஆன்டிபாடிக்குப் பெரும்பாலும் எட்டாது. உள்ளே நடப்பது வெளியே தெரிய ஒரு வழி வேண்டும். அதற்காகச் செல் தன்னுள் உருவாகும் புரதங்களைப் புரோட்டியசோம் என்ற வெட்டும் கருவியில் நறுக்குகிறது. டேப் என்ற கடத்தி அந்தத் துண்டுகளை செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வு அறைக்குள் தள்ளும். அங்கே பொதுவாக 8 முதல் 10 அமினோ அமில நீளமுள்ள துண்டு, முதல் வகை எம்.எச்.சி.யின் பள்ளத்தில் உட்கார்ந்து, அதோடு செல்லின் மேற்பரப்புக்கு வரும். தொற்றிய செல்லைக் கொல்லும் சி.டி.8 டி செல் பார்ப்பது அதைத்தான். வெளியிலிருந்து விழுங்கிய புரதங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை எம்.எச்.சி.யில் ஏறி, மற்ற எதிர்ப்புச் செல்களுக்கு உதவும் சி.டி.4 டி செல்லிடம் போகும்.

1974இல் கான்பெராவில் சிங்கர்நாகல், டோஹர்ட்டி என்ற ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் கண்டார்கள். வைரஸ் தொற்றிய செல்லை டி செல் கொன்றது, ஆனால் அந்தச் செல்லின் எம்.எச்.சி. தன்னுடையதோடு பொருந்தினால் மட்டும். அதே வைரஸ் வேறு எம்.எச்.சி. உள்ள செல்லில் இருந்தபோது தொடவில்லை. 1996இல் நோபல் கிடைத்தது.

வாசகர்: எதிர்ப்புச் சக்தி கூட எந்தக் கஷாயம் நல்லது?

என் துறை இல்லை.

முதுகுவலிக்காரர்: எச்.எல்.ஏ.-பி27 பாசிட்டிவ். முதுகெலும்பு இறுகிவிடுமா?

பி27 என்பது எச்.எல்.ஏ.யில் ஒரு வகை. அது உள்ள பெரும்பாலோருக்கு முதுகெலும்பு இறுகும் நோய் வருவதே இல்லை. காலையில் விறைப்பும், ஓய்வெடுத்தால் கூடும் வலியும் இருந்தால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி இல்லாமல் இந்த டெஸ்ட்டை எடுக்காதீர்கள்.

விரிவுரையாளர்: அந்நியப் புரதத்தைக் கண்டுபிடிப்பதே எம்.எச்.சி.தான் என்று நடத்துகிறோம்.

தயவுசெய்து அதை மாற்றுங்கள். நலமாக இருக்கும் செல்லில் எம்.எச்.சி. தாங்கி நிற்பதெல்லாம் நம் சொந்தத் துண்டுகளே. சொந்தத் துண்டுகளை வலுவாகப் பிடிக்கும் டி செல்களில் பெரும்பாலானவற்றை, அவை பக்குவப்படும் தைமஸ் சுரப்பி முன்பே அழித்துவிடுகிறது. வேறுபாடு அங்கே உருவாகிறது.

அவரே: ஒவ்வொரு எம்.எச்.சி.யும் சில துண்டுகளை மட்டும்தானே ஏற்கிறது? அது தேர்வு இல்லையா?

தேர்வுதான், ஆனால் வடிவத்தைப் பார்த்து. எச்.எல்.ஏ.-ஏ2 என்ற வகை, துண்டின் இரண்டாம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்தையும் கடைசியில் வேலினையோ லியூசினையோ விரும்பும். அந்தத் துண்டு வைரஸுடையதா நம்முடையதா என்பது அதற்குத் தெரியாது.

அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைப் பாருங்கள். அது எச்.எல்.ஏ.-பி*57:01இன் பள்ளத்துக்குள் உட்கார்ந்து, எந்தத் துண்டுகள் ஏறலாம் என்பதையே மாற்றிவிடும். முன்பு ஏறாத சொந்தத் துண்டுகள் ஏறும். தைமஸில் இவற்றைக் கண்டிராத டி செல்கள் பாயும்: காய்ச்சல், தடிப்பு, சில சமயம் உயிராபத்து. எம்.எச்.சி.க்கு அந்நியம் தெரியும் என்றால் இது நடக்கவே கூடாது, இல்லையா? இந்த மருந்தைத் தொடங்கும் முன் பி*57:01 சோதனை கட்டாயம்.

இன்னொருவர்: எனக்கும் பி27…

மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள். ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள்.

ஒரு தம்பி: அண்ணனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். எனக்குப் பொருந்துமா?

ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள் எச்.எல்.ஏ. முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் நெருங்கி இருப்பதால் பெரும்பாலும் மொத்தமாகவே வரும். உடனே எச்.எல்.ஏ. வகையைக் கண்டறியும் டைப்பிங் சோதனை செய்துகொள்ளுங்கள். பொருந்தாவிட்டாலும் கொடையாளர் பதிவேடு, பாதிப் பொருத்த மாற்று என வழிகள் உண்டு. சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள்.