இன்சுலின் இருக்கிறது, சுகர் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: வயது 46. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. வெறும் வயிற்றில் சுகர் 162. இன்சுலின் அளவோ கூடுதலாக இருக்கிறது. 'ரிசெப்டார் சரியாகக் கேட்கவில்லை' என்கிறார் டாக்டர். ரிசெப்டாரைப் புதுப்பிக்கும் பொடி என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் ரிசெப்டார் பெரும்பாலும் பழுதாகியிருக்காது.

இன்சுலின் ரிசெப்டார் என்பது செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் புரதம். இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா என நான்கு துண்டுகள்; கந்தகப் பிணைப்புகள் அவற்றைச் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. ஆல்பா முழுக்க வெளியே இருக்கும், இன்சுலினைப் பிடிப்பது அதுதான். பீட்டா உறையைத் துளைத்து உள்ளே வால் விட்டிருக்கும். இன்சுலின் வராதபோது வெளிப்பகுதி ஓட்டு வீட்டுக் கூரைபோலக் கால் அகட்டி நிற்கும். இந்த வடிவம் படிக ஆய்வில் தெரியவந்தது 2006-இல்தான். 51 அமினோ அமிலங்களே கொண்ட சின்ன இன்சுலின் வந்து ஒட்டியதும், அகன்ற கால்கள் ஒன்றுசேர்ந்து ஆங்கில 'T' எழுத்துபோல ஆகிவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான். கால்கள் நெருங்கினால் உள்ளே வால்களும் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் என்ற வேதித் துணுக்கை ஏற்றும். அந்தச் சேதி கைமாறிக் கைமாறிப் போய், தசை செல்லுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் 'குளூட்-4' என்ற வாயில்களை மேலே கொண்டுவரும். சர்க்கரை நுழைவது அதன் வழியாகத்தான்.

உங்களைப் போன்றவர்களுக்குத் தடங்கல் பெரும்பாலும் இந்தக் கைமாறும் இடத்தில். கடையில் வாடிக்கையாளர் கேட்ட புடவை உங்கள் காதில் விழுந்துவிட்டது. குடோனுக்குச் சொல்லி அனுப்பியும் சரக்கு வரவில்லை. அப்படித்தான். தசையிலும் ஈரலிலும் சேரும் கொழுப்பு இதற்கு முக்கியக் காரணம். கணையம் இன்னும் உரக்கக் கூப்பிடுகிறது, அதனால்தான் இன்சுலின் கூடியிருக்கிறது. அது நெடுநாள் கூடுதலாகவே இருந்தால் ரிசெப்டார்களின் எண்ணிக்கையும் குறையும். ரிசெப்டாரே பிறவியிலேயே பிழையாக அமைவது மிக அரிது.

கண்ணாடியில் பின்கழுத்தைப் பாருங்கள். வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருக்கிறதா? அது அழுக்கல்ல, கூடுதல் இன்சுலின் தோலில் காட்டும் அடையாளமாக இருக்கலாம். பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

சரி, என்ன செய்வது? நிற்பது மட்டும் போதாது, நடக்க வேண்டும். தசை சுருங்கி விரியும்போது குளூட்-4 இன்சுலினை எதிர்பார்க்காமலே மேலே வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடங்கள், எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் முடியாது, பக்கத்துத் தெருக்களில் போங்கள். வயிற்றுச் சதை குறையக் குறைய உள்ளே தடங்கலும் குறையும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈரல் இரத்தத்தில் விடும் சர்க்கரையை அது குறைக்கிறது.

அப்புறம், அந்தப் பொடியை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பாக்கெட்டோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.