நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் நர்ஸ் என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர் பென்னாகரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ். மூடியைத் திரும்ப மாட்டும்போது விரலில் குத்தியிருக்கிறது. (போட்ட ஊசிக்கு மூடி மாட்டவே கூடாது, அப்படியே ஊசி வெட்டியில் வெட்டிவிட வேண்டும்.)

முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தத்தைப் பிதுக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றித் தேய்க்காதீர்கள். உடனே மருத்துவ அலுவலரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுத வையுங்கள். வேலை போய்விடுமோ என்று மறைப்பவர்கள்தான் அதிகம். பிறகு இழப்பீடு கேட்கக் கையில் ஒரு தாளும் இருக்காது.

எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. தொற்றுள்ளவரின் ஊசியே குத்தினாலும் அது பரவும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) வர 30 சதவீதம் வரை வாய்ப்புண்டு. உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். மூன்று டோஸும் முடித்தீர்களா?

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்று டாக்டர் சொன்னால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பொதுவாகத் தருவதில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். உங்கள் நிலையத்தில் கையிருப்பு இல்லையென்றால் டூட்டி முடியட்டும் என்று இருக்காதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அப்போதே கிளம்புங்கள்.