உமி, சாம்பல், பிளாஸ்டிக் பை: வாசகர் கேள்விகள்

பெகுவிலிருந்து: ஆலைக் கொதிகலனில் உமிச் சாம்பல் மலையாகக் கிடக்கிறது. தரைக்கல் வார்க்கும் சிமெண்டில் கலக்கலாமா?

கலக்கலாம், ஆனால் நிறத்தைப் பாருங்கள். உமிக்கரிபோல் கறுத்திருந்தால் கரி எரியாமல் நிற்கிறது என்று பொருள். அது பல் துலக்கத்தான் லாயக்கு, கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும். காய்ந்த சாம்பல் 100 கிராமை இரும்புச் சட்டியில் சட்டி சிவக்கும்வரை கிளறிச் சுடுங்கள். 10 கிராமுக்கு மேல் எடை குறைந்தால் சிமெண்டுக்கு வேண்டாம்.

வெளிர் சாம்பல் நிறமே நல்லது. அதில் பெரும்பகுதி சிலிக்கா. 700 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வெந்தால் அது படிகமாகி சிமெண்டோடு வினைபுரியாது. அந்தத் தூசி நுரையீரலுக்கும் கேடு, முகக்கவசமில்லாமல் அரைக்காதீர்கள்.

சிமெண்டைப் போலவே நைசாக அரையுங்கள், விரலிடையில் நறநறக்கக் கூடாது. 50 கிலோ சிமெண்டில் 5 கிலோவை எடுத்துவிட்டு 5 கிலோ சாம்பல் போடுங்கள். கலவை இறுகலாக வரும். பலரும் இங்கேதான் தண்ணீரை ஊற்றிக் கெடுக்கிறார்கள். தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்தைச் சேர்ப்பதே வழி. ஈரச்சாக்கு போர்த்தி 14 நாள் பதப்படுத்துங்கள். சாம்பல் உள்ளதும் இல்லாததுமாக மூன்று மூன்று கல் வார்த்து, 28ஆம் நாள் உடைத்துப் பார்த்த பிறகே விற்பனை.

தட்டோனிலிருந்து: உமிப் பலகை அழுத்தினேன், யூரியா பசை போட்டேன். மழைக்காலத்தில் உதிர்கிறது.

இரண்டு கோளாறு. உமியின் மேல்தோல் சிலிக்காவும் மெழுகும் சேர்ந்தது, நீரில் கரைந்த பசை அதில் ஒட்டாது. யூரியா பசையோ ஈரத்துக்கு ஆகாது. உமியை 2 மில்லிமீட்டர் சல்லடையில் விழும்படி அரைத்து, ஈரப்பதம் 5 சதவீதத்துக்குள் வரக் காயவைத்து, எம்.டி.ஐ. எனும் ஐசோசயனேட் வகைப் பசையை உமி எடையில் 5, 6 சதவீதம் தெளியுங்கள். அச்சுத் தட்டில் ஒட்டாத தாள் விரிக்காவிட்டால் பலகையோடு தட்டும் போயிற்று! ஈரம் மிஞ்சினால் அச்சைத் திறந்ததும் ஆவி வெடித்துப் பலகை நடுவில் பிளக்கும். எம்.டி.ஐ. ஆவி மூச்சைத் தாக்கும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

ரங்கூனிலிருந்து: பிளாஸ்டிக் பையை உருக்கி மணலோடு நடைபாதைக் கல் செய்யலாமா?

பை, குடம், மூடி மட்டும். வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மூழ்குவதைத் தள்ளுங்கள், அதில் பி.வி.சி. இருக்கலாம், உருக்கினால் அமிலப் புகை. காய்ந்த மணல் மூன்று பங்கு, பிளாஸ்டிக் ஒரு பங்கு, எடையில். மணல் ஈரமானால் கொதித்துத் தெறிக்கும். புகை எழுந்தால் சூடு அதிகம், அடுப்பைக் குறையுங்கள். நிழலான பாதைக்கு உதவும். கூரைக்கோ சமையலறைக்கோ வேண்டாம்.